வெயில் ஏறாமல் கிளம்பாத வண்டி

திருமலை இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில், மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் துப்பறியும் தொழிலை யார் என் தலையில் கட்டினார்கள் என்று யோசித்துப் பார்த்தார். யாரும் கட்டவில்லை. இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டி, எரிந்த வண்டி, காணாமல் போன வண்டி என்று துப்பறிந்து கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் தானே போய் விழுந்த கிணறு இது.

"சார், டீ ஆறிடுச்சு. நீங்களும் ஆறிட்டீங்க. ரெண்டுல ஒண்ணையாவது சூடு பண்ணட்டுமா?" என்றாள் சத்யப்பிரியா.

சத்யப்பிரியா அவருடைய உதவியாளர். இரண்டு வருஷம் செல்போன் கம்பெனி லைனில் நின்று நின்று கால் வீங்கி, வேலையை விட்டுவிட்டு இவரிடம் சேர்ந்தவள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாய் மட்டும் வடியவில்லை.

அவளோடு அதே லைனில் நின்ற பாண்டிச்செல்விதான் இப்போது எதிரில் நீல யூனிபார்மோடு நின்றுகொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"எங்கண்ணன் வேல்ராஜ வண்டித் திருடன்னு ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க சார். ஒம்போது மணி வரைக்கும்தான் பாப்பேன், அதுக்கப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்ருவேன்னு எஸ்.ஐ. சொல்லுதாரு. நாளைக்குத்தான் அவனுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன். நாலு வருசமா கான்ட்ராக்ட்ல கெடந்து, இப்பத்தான் பர்மனென்ட் பண்ணுதோம்னு கம்பெனியில லெட்டர் குடுத்தாங்க. கேஸ்னு ஒண்ணு விழுந்துட்டா அம்புட்டும் போச்சு."

"என்ன வண்டிம்மா?"

"ஹவுஸ் ஓனர் டிராக்டர் சார். பழைய காலத்து டீசல் வண்டி."

"டிராக்டரா! கார்த் திருடன், பைக் திருடன் கேட்டிருக்கேன். பத்து கிலோமீட்டர் வேகத்துல தப்பிச்சு ஓடுற திருடனை இப்பத்தான் கேக்குறேன்" என்றாள் சத்யப்பிரியா.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். வேல்ராஜுக்கு எஞ்சின் கம்பெனியில் வேலை. ஓ.டி. முடித்து நாலரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவன், அசதியில் தூங்கிப் போனான். இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் விழிப்பு வந்தது. ஏரிக்கரை வழியாகக் குறுக்கே நடந்து வந்தான். கரைமேல் டிராக்டர் நின்றது. இது நம் ஹவுஸ் ஓனர் வண்டியாயிற்றே என்று பக்கத்தில் போய்ப் பார்த்தான். ரோட்டுப் பக்கம் தேடிவிட்டு வந்த ஊர்க்கூட்டமும் அந்நேரத்துக்கு அங்கே வந்து சேர்ந்தது. அவன் கையெல்லாம் டீசல் வாடை.

"இவன்தான் ஆயுத பூஜைக்கு அந்த வண்டியக் கெளப்பிக் குடுத்தான் சார். அத வச்சே இவன்தான்னு முடிவு கட்டிட்டாங்க. ஹவுஸ் ஓனரக் கொற சொல்லவும் மனசு வரல. அம்புட்டு பக்தியான மனுசங்க. காலைல அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் வெளிய வரையில கூட, அந்த வண்டிக்குப் பூச போட்டுக்கிட்டு இருந்தாங்க. அம்மா சைடுல நின்னு சூடம் காட்டுதாக. ஐயா முன்னாடி நின்னு குனிஞ்சு குனிஞ்சு கும்புடுதாரு. அம்புட்டுப் பணிவு."

"எத்தனை தடவை குனிஞ்சாரு?" என்று கேட்டார் திருமலை.

"எண்ணலியே சார். அஞ்சாறு தடவ இருக்கும். இருட்டுல சூட வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

திருமலை ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். முழங்கால் சடக்கென்றது.

"சத்யா, பக்கத்துக் கடையில ஒரு பாக்கெட் கற்பூரம் வாங்கிக்கோ."

"இப்பவே சாமி கிட்ட போயிட்டீங்களா சார்? நான் இன்னும் நம்பிக்கை இழக்கலையே."

பாண்டிச்செல்வியையும் ஏற்றிக்கொண்டு, பத்தாவது நிமிஷம் அவர்களுடைய பழைய கார் வல்லம் வடகால் ஊருக்குள் நுழைந்தது. கம்பெனிச் சுவரும் நெல் வயலும் மாறி மாறி வந்தன. ஹவுஸ் ஓனர் கோதண்டராமனின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடிக்கு முப்பத்திரண்டு வாடகை அறைகள். கொடியெல்லாம் யூனிபார்ம் சட்டைகள். பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதற்குள் டிராக்டர் நின்ற இடத்தில், சாணி தெளித்துப் பெரிய கோலம் ஒன்று போட்டு, நடுவில் பூசணிப்பூவும் வைத்திருந்தார்கள்.

திருமலை அந்தக் கோலத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். என்னவோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை. தூக்கம் கெட்ட மூளை, துருப்பிடித்த பூட்டு மாதிரி. சாவி சரியாக இருந்தாலும் திறக்காது.

கோதண்டராமனுக்கு அறுபது வயதிருக்கும். தலையில் குரங்குக் குல்லா. தோளில் சால்வை. மனைவி சொர்ணம்மாள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"எத்தனை மணிக்கு வண்டி போச்சு?"

"அஞ்சு மணிங்க. பூஜை முட்ச்சிகினு உள்ள போனோம். டப்டப்னு சத்தம். ஓடியாந்து பாத்தா கொட்டாய் காலி. இவ கத்தி ஊரைக் கூட்டிட்டா. எல்லாரையும் ரோட்டுப் பக்கம் ஓடுங்கன்னா. நான் கம்பு எட்துகினு ஏரிப் பக்கம் ஓடுனேன்."

"யார் மேல சந்தேகம்?"

"இத பாருங்க. அது எங்கப்பா காலத்து வண்டி. வண்டியைக் கிளப்புற செல்ஃப் மோட்டாரு கெட்டு ரெண்டு வருசம் ஆவுது. மார்கழி மாசத்துல வெயில் ஏறாம அது கிளம்பாது. எனக்கே கிளம்பாது. ஊர்ல யாரை வோணா கேளுங்க. ஆயுத பூஜைக்கு அந்தப் பையன்தான் இன்னாவோ டப்பாலேர்ந்து புஸ்ஸுனு அட்ச்சான், கிளம்பிச்சு. வேற யாராலயும் ஆவாது. அத்தான் எல்லாரும் ஸ்டேஷன்ல சொன்னாங்க."

சத்யப்பிரியா கொட்டகை மூலையிலிருந்து ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுவா ஐயா? மூடிக்குள்ள சிலந்தி குடித்தனம் வச்சிருக்கு. வாடகை குடுக்குதா?"

கோதண்டராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு போர்வெல். அதற்கு அந்தப் பக்கம் முள்வேலி. வேலி ஓரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு கல். வேலிக்கு அப்பால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கோதண்டராமனின் தம்பி மனைவி முனியம்மாள். தம்பி இறந்து வெகுகாலம் ஆகிறது.

"இன்னிக்குப் பத்து மணிக்கு எல்லை அளக்க சர்வேயர் வர்றாரு. இன்னிக்குன்னு பாத்து வண்டி காணாம பூடுச்சாம். நல்லா கீது கதை" என்று முனியம்மாள் பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கோதண்டராமன் மனைவியிடம் திரும்பினார். "அதை வாயை மூடச் சொல்லு."

"நேரா சொல்லலாமே ஐயா, நாலடி தூரந்தானே?" என்றாள் சத்யப்பிரியா.

"பாகம் பிரிச்சதுலேர்ந்து பதினோரு வருசமா இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாதும்மா" என்றாள் சொர்ணம்மாள் மெல்ல.

மணி ஏழு நாற்பது. கோதண்டராமனையும் பாண்டிச்செல்வியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வந்து இறங்கிய ஏரிக்கரையில் பனி இன்னும் கலையவில்லை. சூரியன் எங்கேயோ இருந்தது, இங்கே இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் ராஜசேகர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டார். ராத்திரி முழுக்க பந்தோபஸ்து என்று முகம் சொல்லியது. திருமலை போனில் கெஞ்சிக் கேட்டதற்காக வேல்ராஜையும் அழைத்து வந்திருந்தார். வேல்ராஜ் நின்றபடியே தூங்கி வழிந்தான்.

"சீக்கிரம் சார். ஒம்போதுக்கு நான் பேப்பர் எழுதியாகணும்" என்றார் ராஜசேகர்.

திருமலை டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிவப்புப் பெயின்ட் உரிந்த கிழட்டு வண்டி. அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. கரைமேல் ஏறி, சுற்றித் திருப்பி, சரிவைப் பார்க்க நிறுத்தியிருந்தது. முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு கருங்கல்.

"வேல்ராஜ், நீ வண்டியைத் திருடிட்டு வர்ற. ஆள் வர்ற சத்தம் கேக்குது. என்ன செய்வ?"

"போட்டுட்டு ஓடிருவேன் சார்."

"சக்கரத்துக்குக் கல்லு வைப்பியா?"

"உசுருக்கு ஓடையில எவன் சார் கல்லு தேடுவான்?"

திருமலை தலையாட்டினார். இந்த மாதிரி நிறுத்துகிறவர்களை அவர் நூறு பேர் பார்த்திருக்கிறார். செல்ஃப் மோட்டார் இல்லாத வண்டியை வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள், எங்கே நிறுத்தினாலும் மூக்கைச் சரிவில் வைத்துத்தான் நிறுத்துவார்கள். மறுபடி கிளப்ப வேண்டுமென்றால் கல்லை எடுத்தால் போதும், வண்டி உருண்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பிவிட்டு உள்ளே போகிற பழக்கம் மாதிரி. திருடனுக்கு அந்தப் பழக்கம் வர நியாயமில்லை.

பிறகு பானெட்டுக்குப் பக்கவாட்டில், எஞ்சின் காற்றை இழுக்கிற குழாயின் வாய்க்கு மூக்கைக் கொண்டுபோனார். விளிம்பில் விரலை வைத்துத் துடைத்தார். கரி ஒட்டியது. மூக்கில் கோயில் வாசனை அடித்தது.

"சத்யா, கற்பூரத்தை எடு. இது பக்தியுள்ள வண்டி. பூஜை போடாம கிளம்பாது போல. வேல்ராஜ், ஹேண்டிலை முன்னாடி மாட்டிச் சுத்து."

"சார், எங்க லைன்ல பட்டன அமுக்குனா எஞ்சின் எந்திரிச்சிரும். ஹேண்டிலு நான் சுத்துனதே இல்ல" என்றான் வேல்ராஜ். ஆனாலும் குனிந்து மாட்டினான்.

சத்யப்பிரியா ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, டிராக்டரின் முகத்துக்கு நேரே, குங்குமம் வைத்த கிரில்லுக்கு முன்னால் பயபக்தியோடு சுற்றினாள். "டிராக்டர் தாயே, எங்களை ஒம்போது மணிக்குள்ள கரை சேர்த்துடு. ஏற்கெனவே கரைமேலதான் நிக்கிறோம், உனக்கும் வேலை கம்மி."

வேல்ராஜ் குனிந்து நிமிர்ந்து சுற்றினான். எஞ்சின் 'கொர்' என்று ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது. இன்னொரு முறை. வெறும் மூச்சுத்தான் வந்தது. மூன்றாவது முறை ஹேண்டில் உதறிவிட்டு அவன் மணிக்கட்டில் அடித்தது.

"லீவரைத் தூக்காம சுத்துனா கை பூடும்டா" என்று முணுமுணுத்தார் கோதண்டராமன்.

திருமலைக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் கேட்காத மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் ரெண்டு கட்டி போடு சத்யா. நல்லா முகத்துக்கு நேரா காட்டு. சாமி எங்கே இருக்கோ அங்கேதானே காட்டணும்?"

சத்யப்பிரியா இன்னும் இரண்டு கட்டி போட்டாள். சுடர் முழுக்கக் கிரில்லில் வீணாகிக்கொண்டிருந்தது. வேல்ராஜ் நாலாவது முறை சுற்றினான், ஐந்தாவது முறை சுற்றினான். கோதண்டராமன் சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்தார். தன் வண்டியை இன்னொருத்தன் தப்பும் தவறுமாகக் கிளப்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க, டிராக்டர்காரனாகப் பிறந்த எவனாலும் முடியாது. ஆறாவது முறை எஞ்சின் இருமியபோது அவர் வாய் அவரை மீறிவிட்டது.

"அங்க இன்னாத்துக்கும்மா காட்டுற? அதுக்குக் கண்ணா கீது! காத்து வாயில காட்டு! காத்து வாயில! சூட்டை உள்ள இழுத்தாத்தானே கிளம்பும்!"

பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினார். எஞ்சினை லேசாகச் சுழலவிடும் லீவரைத் தூக்கினார். காற்றுக் குழாயின் வாயில் சுடரைப் பிடித்தார். "ம், சுத்துடா. வேகமா. வேகமா!" லீவரை விட்டார். சுடர் வளைந்து குழாய்க்குள் போனது. டப். டப்டப். டப்டப்டப். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கிழட்டு வண்டி எழுந்துகொண்டது. கரையிலிருந்த கொக்குகள் பறந்தன.

கோதண்டராமன் பெருமையாக நிமிர்ந்தார். அப்புறம்தான் எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கையில் தட்டு. தட்டில் கற்பூரம். முகத்தில் ரத்தம் இல்லை.

"மார்கழியில வெயில் ஏறாம கிளம்பாதுன்னீங்களே" என்றார் திருமலை அலுப்போடு. "காலையில உங்க சம்சாரம் சூடம் காட்டினது சாமிக்கு இல்ல, காத்துக் குழாய்க்கு. நீங்க குனிஞ்சு குனிஞ்சு நிமிர்ந்தது கும்பிடுறதுக்கு இல்ல, ஹேண்டில் சுத்துறதுக்கு. பார்த்த பொண்ணு பக்தின்னு நினைச்சுக்கிச்சு. சட்டுனு பத்திக்கிற ஸ்ப்ரேயை அடிக்கிறவன் அந்த வாய் பக்கத்துல நெருப்பைக் கொண்டுபோக மாட்டான். கொண்டுபோனா மீசை மிஞ்சாது."

"வேல்ராஜுக்கு மீசை பத்திரமா இருக்கு. சாட்சி நம்பர் ஒண்ணு" என்றாள் சத்யப்பிரியா.

ராஜசேகருக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. "யோவ், உன் வண்டியை நீயே எடுத்துட்டுப் போய் நிறுத்திட்டு, திருட்டுக் கேஸ் குடுத்தியா?"

"என் வண்டி. நான் ஓட்டுனேன்." கோதண்டராமனின் குரல் உள்ளே போனது. "அந்தப் பையன் பேரை நான் சொல்லலிங்க. கூட்டம் சொல்லிச்சு. நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான். அத்தோட வுட்ருங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எதுக்குய்யா செஞ்ச?"

கோதண்டராமன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ராஜசேகர் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்தார். வேல்ராஜின் தோளில் கை வைத்தார். "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. உன் வெரிஃபிகேஷனை நானே பார்த்து முடிச்சுக் குடுக்குறேன். இப்ப போய்த் தூங்கு." ஜீப் போயிற்று. பாண்டிச்செல்வி அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அவன் "ஏ, அழாத புள்ள, பசிக்கி" என்றான்.

"கேஸ் முடிஞ்சது சார். இட்லியா, பொங்கலா?" என்றாள் சத்யப்பிரியா.

திருமலைக்கு இட்லி வேண்டாம், பொங்கல் வேண்டாம், ஒரு பாய் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஒப்புக்கொண்ட வேலை முடிந்தது. பேசாமல் போயிருக்கலாம். ஆனால் டிராக்டருக்கு அடியில் மண்ணில் ஐந்து பைசா அகலத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. மேலே இன்னொரு சொட்டு சொட்டியது. இன்னொன்று. அவர் அதையே பார்த்தார். துருப்பிடித்த பூட்டு இப்போது திறந்துகொண்டது.

"சத்யா, இந்த வண்டி கொட்டகையில எத்தனை வருஷமா நிக்குது?"

"பல வருஷம் இருக்கும். ஏன் சார்?"

"கொட்டகைத் தரையில நீ ஆயில் கறை பார்த்தியா?"

"இல்லையே சார். சாணியும் கோலமுந்தான் இருந்துச்சு" என்றாள் சத்யப்பிரியா.

பத்து மணிக்குக் கொட்டகைப் பக்கம் சர்வேயர் வந்தார். தோளில் சங்கிலிப் பை, கையில் வரைபடச் சுருள், முகத்தில் வருஷக்கணக்கான வெயில். அந்த மனையின் மற்ற எல்லைக் கற்கள் ரோட்டுக்கு அடியிலும் கம்பெனிச் சுவருக்கு அடியிலும் போய்விட்டன என்றும், மிஞ்சியது ஒரே கல்தான், அதிலிருந்துதான் அளக்கப்போகிறேன் என்றும் சொன்னார்.

"கல்லு டிராக்டர் அடியில கீது சார். பாகம் பிரிச்சப்போலேர்ந்து அது மேலதான் வண்டியை நிறுத்தி வச்சிகிறாங்க" என்றாள் முனியம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து.

"கல்லு இங்க கீது" என்று சொர்ணம்மாள் வேலி ஓரத்தைக் காட்டினாள். அங்கே மஞ்சள் பூசிய கல் குங்குமத்தோடு அமைதியாக இருந்தது. அது அங்கே இருந்தால், நடுவிலிருக்கும் போர்வெல் கோதண்டராமன் பங்கு. கொட்டகைக்குள் இருந்தால் முனியம்மாள் பங்கு. இடைவெளி பன்னிரண்டு அடிதான்.

ஏரிக்கரையிலிருந்து டப்டப் என்று டிராக்டர் வந்தது. கோதண்டராமன் ஓட்டிவந்தார். வேல்ராஜ் தூக்கக் கலக்கத்தோடு மட்கார்டில் தொற்றிக்கொண்டிருந்தான்.

"வழக்கமா நிறுத்துற இடத்துல நிறுத்துங்க ஐயா" என்றார் திருமலை.

கோதண்டராமன் வண்டியைக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்தார். பல வருஷம் சக்கரம் ஏறி இறங்கிய தடம் இரண்டும் நேரே உள்ளே போயின. அந்தத் தடங்களுக்கு நடுவில் பூசணிப்பூ வைத்த கோலம். அவர் கால் கிளட்சிலேயே நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? கோலத்து மேல ஏத்தக் கூடாதுன்னா? வாசல்ல போடுறது கோலம். அஞ்சு மணி வரைக்கும் வண்டி நின்ன தரையில அதுக்கப்புறம் யாருங்க கோலம் போடுவாங்க? தோண்டின மண்ணை மறைக்கணும்னாத்தான் போடுவாங்க." திருமலை வேலி ஓரத்துக்கு நடந்தார். முழங்கால் வலித்தது. குனிந்து கல்லின் தலையில் விரலை அழுத்தித் தேய்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சள். அதற்கு அடியில் கன்னங்கரேல் என்று எஞ்சின் ஆயில்.

"வண்டியை யாரும் திருடலை. வண்டி நின்ன இடத்தைத்தான் திருடினாங்க" என்றார். "அளக்கிற அன்னைக்கு இவரே வண்டியை நகர்த்தினா, ஏன்னு முனியம்மா கேக்கும். திருடன் எடுத்துட்டுப் போனா யாரு கேப்பாங்க? ஊரு முழுக்க ரோட்டுப் பக்கம் வண்டியைத் தேடப் போச்சு. இவர் வண்டியை ஏரிக்கரையில விட்டுட்டு வந்து, இவங்க ரெண்டு பேரும் கல்லைப் பேர்த்து இங்கே நட்டாங்க. பதினோரு வருஷ ஆயிலைத் துடைக்க முடியல. மஞ்சளைப் பூசிட்டாங்க. சர்க்கார் கல்லுக்குப் பொட்டு வச்சது இவங்க மட்டுந்தான்."

சர்வேயர் கல்லைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். "கடப்பாரை கொண்டாங்க" என்றார்.

கோதண்டராமன் எஞ்சினை அணைக்கக்கூட மறந்து ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சொர்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "முப்பத்திரண்டு ரூமுங்க. எல்லாம் இந்த போரு தண்ணிதான். அது அந்தப் பக்கம் பூட்டா புள்ளைங்க இன்னா பண்ணும்? எல்லாம் காலி பண்ணிகினு பூடும். அதான் இப்டி பண்ணிட்டோம்."

"அப்ப எங்களுக்குத் தண்ணி?" என்றாள் பாண்டிச்செல்வி. அண்ணன் பிழைத்த சந்தோஷம் அவள் முகத்தில் அரை நாள்கூட நிற்கவில்லை.

ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று விழும் என்று திருமலைக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமும் இப்படித்தான். அதனால்தான் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

முனியம்மாள் வேலி முள்ளை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். கொட்டகை வாசலில், டிராக்டருக்கு நாலடி தள்ளி நின்றாள். கோதண்டராமனைப் பார்க்கவில்லை. சத்யப்பிரியாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, அவரு கிட்ட சொல்லு. போரு என் பேருக்கு வந்தா நான் அதை இன்னா பண்ணப் போறேன்? எனக்கு ரெண்டு குடம் போதும். தண்ணி வோணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

சத்யப்பிரியா கோதண்டராமன் பக்கம் திரும்பினாள். கிண்டல் செய்ய வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே சொன்னாள். "தண்ணி வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களாம் ஐயா."

எஞ்சின் டப்டப் என்று ஓடிக்கொண்டிருந்தது. கோதண்டராமன் குல்லாவைக் கழற்றினார். பனியில் உறைந்த எஞ்சினைக் கிளப்ப அவருக்கு ஒரு கட்டி கற்பூரம் போதும். ஆனால் பதினோரு வருஷமாக நாலடி தூரத்துக்கு ஒரு வார்த்தையைக் கிளப்ப அவரால் முடியாமல்தான், விடியற்காலையில் கல்லைத் தோண்டி, ஒரு பாவமும் அறியாத பையனை ஸ்டேஷன் வரைக்கும் அனுப்பியிருந்தார்.

கடைசியில் அவர் சொர்ணம்மாளைப் பார்த்துச் சொன்னார். "தண்ணி... தண்ணி வுடச் சொல்லு அதை."

"வுடறேன்னு சொல்லும்மா மாமா கிட்ட" என்றாள் முனியம்மாள் சத்யப்பிரியாவிடம். மாமா என்ற சொல்லை அவள் வாய் பதினோரு வருஷத்துக்குப் பிறகு சொன்னது. சொர்ணம்மாள் இன்னும் சத்தமாக அழுதாள்.

கோதண்டராமன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். கடப்பாரையைத் தானே எடுத்துக்கொண்டு வேலி ஓரத்துக்குப் போனார். கல் பெயர்ந்து வர அரை மணி நேரம் ஆயிற்று. சர்வேயர் காட்டிய இடத்தில், பூசணிப்பூவைத் தள்ளி வைத்துவிட்டு, தன் கையாலேயே நட்டு மண்ணை மிதித்தார். பிறகு மட்கார்டில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த வேல்ராஜின் எதிரில் வந்து நின்றார். என்னவோ சொல்ல வந்தார். எழுப்ப மனசு வராமல், சால்வையை எடுத்து அவன்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.

திருமலை காரின் பின் ஸீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டார்.

"சார், ஃபீஸ் வாங்காமலே படுத்துட்டீங்க" என்றாள் சத்யப்பிரியா.

பின்னால் மோட்டார் ஓடத் தொடங்கியது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வி வாளியை எடுத்துக்கொண்டு படியேறினாள். சத்யப்பிரியா திரும்பிப் பார்த்தபோது திருமலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.